தற்பெருமை பேசாத அம்மாவும் நார்சிசமும்

கேள்வி: எனக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தியைச் சொன்னதும் அம்மா, "இனி என்னை எங்கே கண்டுகொள்ளப்போகிறாய்!" என்று கூறிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். சிறுவயது முதல் எங்கள் நல்ல நாள்கள் எல்லாம் அவருடைய வருத்தத்தில்தான் முடிகின்றன. தங்கை இதை நார்சிசம், அதாவது எல்லாவற்றிலும் தன்னையே மையமாக்கும் மனப்போக்கு என்கிறாள். ஆனால் அம்மா தற்பெருமை பேசியதே இல்லை. "நான் எதற்கும் லாயக்கில்லாதவள்" என்றுதான் சொல்வார். தங்கை சொல்வது சரியா?
– ஒரு வாசகி

பதில்: தங்கையின் பேச்சை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். நார்சிசம் என்றதும் மார்தட்டிக்கொள்பவர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். உளவியலாளர் பால் விங்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு இரண்டு முகங்கள் உண்டு என்று காட்டினார். ஒன்று, வெளிப்படையான ஆணவம். மற்றொன்று தொட்டாற்சிணுங்கியாக இருக்கும்; தனக்கு உரிய மதிப்பை யாரும் தரவில்லை என்று உள்ளுக்குள் புழுங்கும். தன்னைச் சுற்றியே எல்லாம் சுழல வேண்டும் என்பதும், பிறர் மனத்தைப் பொருட்படுத்தாததும் இரண்டுக்கும் பொது.

"நான் லாயக்கில்லாதவள்" என்று அம்மா சொன்னதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? "அப்படியெல்லாம் சொல்லாதே அம்மா, நீ இல்லாவிட்டால் நாங்கள் ஏது?" என்று ஓடிப்போய்த் தேற்றுகிறீர்கள் அல்லவா? உங்கள் செய்தி அந்த நொடியே பின்னுக்குப் போய்விடுகிறது. இதை அவர் திட்டமிட்டுச் செய்வதாக நான் நினைக்கவில்லை. இத்தகையவர்களின் சுயமதிப்பு உள்ளிருந்து ஊறுவதில்லை. பிறர் கவனிப்பில்தான் நிற்கிறது. அது சற்று விலகினாலும் அவமானமும் பயமும் எழுகின்றன. உங்கள் உயர்வு அவருக்குத் தன் இழப்பாகத் தோன்றுவது அதனால்தான். இயல்பாக வரும் குணமும் வளர்ப்பும் சேர்ந்து இப்படி ஆக்குகின்றன. அவருடைய வலி உண்மையானது. அதற்காக ஒவ்வொரு முறையும் உங்கள் மகிழ்ச்சியைக் காவுகொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நோயின் பெயரைச் சூட்டும் வேலை நமக்கு வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் நார்சிச ஆளுமைக் கோளாற்றை, மனநோய்களைக் கண்டறிய உதவும் தன் கையேட்டில் சேர்த்தது. இன்றைய கையேட்டின்படி 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும். அதுவும் இளம்வயதிலேயே தொடங்கி, பல சூழல்களிலும் நீடித்துத் தொடர வேண்டும். நிபுணர் நேரில் பேசித்தான் முடிவுசெய்வார். கோபத்தில் அந்தச் சொல்லை அம்மாவின் முகத்துக்கு நேரே வீசினால், அவர் அஞ்சுகிற அவமானத்தையே அவருக்குக் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

நல்ல செய்தியை உங்களுடன் சேர்ந்து மகிழக்கூடியவர்களிடம் முதலில் சொல்லுங்கள். அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவரிடமிருந்து பாராட்டை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். அவர் போய்ப் படுத்துவிட்டால் ஒருமுறை அன்பாக நலம் விசாரியுங்கள். விழாவை நிறுத்தாதீர்கள். முதலில் வருத்தம் கூடும், பேசாமல்கூட இருப்பார். அப்போது நீங்கள் இறங்கிப்போனால், படுத்துக்கொண்டால் வேலை நடக்கும் என்பது அவர் மனத்தில் இன்னும் உறுதிப்படும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "லாயக்கில்லாதவள்" என்ற பேச்சு மனச்சோர்வு நோயாலும் வரலாம். தூக்கமும் பசியும் குறைந்தாலோ, எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நார்சிசத்துக்கென்று தனி மருந்து கிடையாது. நீண்டகால உளவியல் சிகிச்சையால் மாற்றம் வரலாம், மெதுவாக. அம்மா வர மறுத்தால், நீங்களும் தங்கையுமாவது ஓர் ஆலோசகரிடம் போய்ப் பேசுங்கள்.