நிமிர்த்திப் பிடித்து எடுத்த காணொளியைத் தொலைக்காட்சித் திரை முழுவதும் நிறைக்கலாமா?

வணக்கம். மகளின் தனி நடனத்தைக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்துவிட்டதாகவும், தொலைக்காட்சியில் இருபுறமும் தெரியும் கறுப்புப் பட்டைகளை நீக்கித் திரையை நிறைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நிறைக்கலாம், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் காணொளி 1080-க்கு 1920 பிக்சல் அளவுடையது என்றால், அதிலிருந்து தொலைக்காட்சித் திரையின் அகல-உயர விகிதமான 16:9-இல் வெட்டியெடுக்கக்கூடியது ஏறத்தாழ 1080-க்கு 607 பிக்சல் மட்டுமே. அதாவது படத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடும். முகத்தைக் காப்பாற்றினால் பாதம் போகும், பாதத்தைக் காப்பாற்றினால் முகம் போகும். நடனத்துக்கோ இரண்டும் வேண்டும். எஞ்சியதைப் பெரிதாக்கும்போது தெளிவும் குறையும். அகலவாக்கில் இழுத்து நிரப்புவது ஆடுபவரைக் குள்ளமாக்கிவிடும் என்பதால் அதை நினைக்கவே வேண்டாம். பட்டைகள் கண்ணை உறுத்தினால், அதே காட்சியை மங்கலாக்கிப் பின்னணியில் வைக்கும் வசதி பல எடிட்டிங் செயலிகளில் உண்டு. என் கண்ணுக்கு வெறும் கறுப்பே மேல். பின்னால் அசையும் நிழல்கள் கவனத்தைச் சிதறடிக்கும்.

அடுத்த முறை கைப்பேசியைக் கிடைமட்டமாக வைத்து, 3840-க்கு 2160 பிக்சல் கொண்ட 4கே தரத்தில் எடுங்கள். பின்னர் ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்றவற்றுக்கு நிமிர்ந்த வடிவம் தேவைப்பட்டால், அதிலிருந்தே 1215-க்கு 2160 பிக்சல் கொண்ட பகுதியை வெட்டிக்கொள்ளலாம். அது 1080-க்கு 1920 என்ற அளவுக்குத் தாராளமாகப் போதும். ஆடுபவர் மேடையில் நகரும் பக்கமெல்லாம் வெட்டும் சட்டகத்தையும் நகர்த்த வேண்டியிருக்கும், அதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். கைப்பேசியைப் பதிவு தொடங்கும் முன்பே திருப்பிவிடுங்கள். இடையில் திருப்பினால் பெரும்பாலும் தொடங்கிய திசையே கோப்பில் நிலைத்து, மீதிக் காட்சி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும்.