இந்த இலையுதிர் காலத்தில் (2021) வெளியான பாப் ஆல்பங்களில் எது உங்கள் மனதில் நின்றது?

செப்டம்பர் தொடங்கி இந்த நவம்பர் கடைசி வரை வந்த பெரிய பாப் ஆல்பங்களை அநேகமாக ஒன்று விடாமல் கேட்டுவிட்டேன். நமக்குத் தீபாவளி ரிலீஸ் எப்படியோ, மேலை நாட்டு இசைக் கம்பெனிகளுக்கு இலையுதிர் காலம் அப்படி. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அக்டோபர், நவம்பரில்தான் களத்தில் இறங்கும். இந்த வருடம் அது உச்சத்துக்கே போய்விட்டது. நவம்பர் 5 ஸ்வீடன் நாட்டுக் குழு ஆபா, 12 அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், 19 பிரிட்டிஷ் பாடகி அடெல். மூன்று வெள்ளிக்கிழமை, மூன்று ஆல்பம். ஒன்றைக் கேட்டு மனசு ஆறுவதற்குள் அடுத்தது வாசலில் வந்து நின்றது.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆபாவின் 'வாயேஜ்'. அடெலின் '30' அதற்கு மிக அருகில். பாடுகிறவரின் வயதும் அவர் பட்ட பாடும் குரலில் அப்படியே தெரிகிற பாட்டுகள்தான் இந்த முறை என்னிடம் தங்கின. தேய்த்துப் பளபளப்பாக்கிய பாட்டுகள் கேட்ட அன்றைக்கே போய்விட்டன.

அப்படிப் போனதில் முதலாவது பிரிட்டிஷ் குழு கோல்ட்ப்ளேயின் 'மியூசிக் ஆஃப் த ஸ்பியர்ஸ்'. ஹிட் பாட்டுகளுக்குப் பெயர்போன மேக்ஸ் மார்ட்டின் தயாரிப்பு, எனவே மெட்டுகளில் பழுதில்லை. கொரியாவின் பிடிஎஸ் குழுவோடு சேர்ந்து பாடிய 'மை யூனிவர்ஸ்' காதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆல்பம் முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் 'கொலொரதூரா' மட்டும் விதிவிலக்கு. பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரனின் '=' (ஈக்வல்ஸ்) ஆல்பத்தில் 'பேட் ஹேபிட்ஸ்', 'ஷிவர்ஸ்' எல்லாம் ஊரே கேட்டதுதான். நான் திரும்பத் திரும்பப் போனது 'விசிட்டிங் ஹவர்ஸ்' ஒன்றுக்குத்தான். அவருக்கு நெருக்கமான ஆஸ்திரேலிய இசை நிகழ்ச்சி அமைப்பாளர் மைக்கேல் குடின்ஸ்கி இந்த மார்ச்சில் இறந்துபோனார். அவர் நினைவில் எழுதிய பாட்டு. ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல சொர்க்கத்திலும் பார்வையாளர் நேரம் என்று ஒன்று இருந்தால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்கிற ஏக்கம். அந்தப் பாட்டில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது.

சில்க் சானிக்கை இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். புரூனோ மார்ஸும் ஆண்டர்சன் பாக்கும் சேர்ந்து எழுபதுகளின் சோல் இசையை (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை) அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒன்பதே ட்ராக், அரை மணி நேரம், நடுநடுவே பேசி அழைத்துப் போக அந்தக் காலத்து பேஸ் கிட்டார் கலைஞர் பூட்ஸி காலின்ஸ். ஞாயிற்றுக்கிழமை சமையல் வேலைக்கு நடுவே போட்டுவிட்டால் வீடே கலகலப்பாகிவிடும்.

சரி, டெய்லருக்கு வருவோம். 'ரெட் (டெய்லர்ஸ் வெர்ஷன்)' என்பது 2012-ல் வந்த 'ரெட்' ஆல்பத்தை அவரே மறுபடி பாடிப் பதிவு செய்தது. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகளுக்கு அப்போது அவர் உரிமையாளராக இருக்கவில்லை. 2019-ல் அவருடைய எதிர்ப்பையும் மீறி அவை கைமாறின. ஆனால் பாட்டை எழுதியவர் அவர். அதனால் அதையே புதிதாகப் பாடி, அந்தப் புதிய பதிவைத் தனக்குச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் இதேபோல 'ஃபியர்லெஸ்' வந்தது, இப்போது இது. மொத்தம் 30 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

எல்லாமே பிடித்ததா என்றால் இல்லை. '22' என்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ரெட்' முதலில் வந்தபோது அவருக்கு வயதும் 22. இப்போது 31 வயதில் பாடும்போது சுருதி சுத்தமாக இருக்கிறது, கட்டுப்பாடு கூடியிருக்கிறது, அந்தத் துள்ளல் மட்டும் வரவில்லை. வயது அங்கே பாட்டுக்கு எதிராக வேலை செய்கிறது. ஆனால் அதே வயது 'ஆல் டூ வெல்' பாட்டில் எங்கேயோ கொண்டுபோய் விடுகிறது. முன்பு ஐந்தரை நிமிடமாக இருந்த பாட்டு. இப்போது வெட்டாத முழு வடிவம் பத்து நிமிடம் 13 நொடி. காதலனின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்த ஸ்கார்ஃப், குளிர்சாதனப் பெட்டியின் வெளிச்சத்தில் சமையலறையில் ஆடிய ஆட்டம் என்று சின்னச் சின்ன காட்சிகளாக அடுக்கிக்கொண்டே போகிறார். 2012-ல் அந்தப் பாட்டில் அழுகை இருந்தது. இப்போது கோபமும் சேர்ந்திருக்கிறது, நடந்தது அநியாயம் என்று தெரிந்துகொண்ட ஒருத்தியின் நிதானமான கோபம். அமெரிக்காவின் வாராந்தர ஹிட் வரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே நீளமானது இப்போது இதுதான். 1972-லிருந்து அந்தப் பெருமை 'அமெரிக்கன் பை' பாட்டிடம் இருந்தது. பதினைந்து நொடி வீடியோ ஓடுகிற காலத்தில் பத்து நிமிடப் பாட்டை இத்தனை பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடெலுக்காக ஆறு வருடம் காத்திருந்தோம். '25' வந்தது 2015-ல். இடையில் அவர் கல்யாணம் முறிந்தது, கையில் சின்னப் பையன். '30' முழுக்க அந்தக் காலத்தைப் பற்றித்தான். முதல் முறை கேட்டபோது பஸ்ஸில் இருந்தேன். மூன்றாவது பாட்டு 'மை லிட்டில் லவ்'. பாட்டுக்கு இடையிடையே அவரும் மகனும் பேசிக்கொள்கிற ஒலிப்பதிவுகள் வருகின்றன. அம்மா இப்போது குழம்பிப்போய் இருக்கிறாள் என்பதை அந்தக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறார். கடைசியில், தனிமை தாங்க முடியாமல் அழுதுகொண்டே பேசிய ஒரு குரல் செய்தி. அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகக் கேட்டுவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ராத்திரி வீட்டில், விளக்கை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

பதினோராவது பாட்டு 'டு பி லவ்ட்'. பியானோவும் அவர் குரலும் மட்டும், ஆறே முக்கால் நிமிடம் போல. முடிவை நெருங்க நெருங்க குரல் கரகரத்து, ஓரிடத்தில் கிழியவே கிழிகிறது. கணினியில் அதை ஒட்டித் தைப்பது இன்று பெரிய வேலையே இல்லை. ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள், நல்லவேளை. பத்துப் பாட்டுகளைக் கடந்து அந்த இடத்துக்கு வரும்போதுதான் அதன் பாரம் தெரியும். ஆல்பம் வெளிவந்த கையோடு, அடெல் கேட்டுக்கொண்டதன் பேரில், ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கங்களின் முகப்பிலிருந்து, பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிள் பட்டனை எடுத்துவிட்டது. பாட்டுகளின் வரிசையைக் கலைஞர்கள் யோசித்துத்தான் வைக்கிறார்கள், அந்த வரிசையில் கேளுங்கள் என்பது அவர் வாதம். நானும் அவர் கட்சிதான். ஆபாவின் ஆல்பத்தில் எனக்குக் கிடைத்ததும் அந்த வரிசையால் கிடைத்ததுதான்.

அவர்களுடைய முந்தைய ஆல்பமான 'தி விசிட்டர்ஸ்' 1981 நவம்பரில் வந்தது. அதற்குப் பிறகு 40 வருடம் ஆபாவிடமிருந்து புதிய ஆல்பமே இல்லை. அக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஃப்ரிடா. குழுவுக்குள்ளேயே இரண்டு தம்பதிகளாக இருந்தவர்கள். இரண்டு திருமணங்களும் முறிந்தன, அப்புறம் குழுவும் ஓய்ந்தது. இப்போது நால்வருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஸ்டாக்ஹோமில் பென்னியின் ஸ்டுடியோவில் மறுபடி கூடிப் பத்துப் பாட்டு பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாம் முத்து என்று சொல்ல மாட்டேன். 'லிட்டில் திங்ஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டில் குழந்தைகள் கோரஸ் வேறு சேர்ந்து இனிப்பு திகட்டிவிட்டது. 'பம்பிள்பீ' அழகான பாட்டு, ஆனால் மனதில் தங்கவில்லை.

நான்கு, ஐந்து, ஆறு என்ற மூன்று பாட்டுகளையும் ஹெட்போனில் இடைவெளி விடாமல் கேளுங்கள். நான்காவது 'டோன்ட் ஷட் மீ டவுன்'. விட்டுப்போன ஒருத்தி பழைய காதலனின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். மெதுவாகத் தொடங்கி, பியானோவில் விரலை ஒரே இழுப்பாக இழுத்ததும் தாளம் பிடித்துக்கொள்கிறது. பாடுவது எழுபதை ஒட்டிய வயதில் அக்னெத்தா. குரல் முன்னைவிடத் தாழ்ந்திருக்கிறது, ஓரங்களில் சற்று மணல் படிந்த மாதிரி. அது முடிந்ததும் ஐந்தாவது, 'ஜஸ்ட் எ நோஷன்'. இது 1978-ல் பாடி, வெளியிடாமல் வைத்திருந்த பாட்டு. அன்றைய குரல்களை அப்படியே வைத்துக்கொண்டு பின்னணி இசையை மட்டும் புதிதாக வாசித்திருக்கிறார்கள். பாட்டு தொடங்கியதும் 28 வயது அக்னெத்தாவும் 32 வயது ஃப்ரிடாவும் பளீரென்று உச்சத்தில் பாடுகிறார்கள். அது ஓய்ந்ததும் ஆறாவது, 'ஐ கேன் பி தட் உமன்'. மறுபடியும் அந்த முதிர்ந்த குரல், இந்த முறை தனியாக, ஓர் உறவை இன்னும் காப்பாற்றிவிடலாம் என்று மன்றாடுகிற குரல். இரண்டு நொடி மௌனத்தில் ஏறக்குறைய நாற்பது வருடம் போய்த் திரும்பி வருகிறது. சின்ன வயதுக் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, பெரியவரின் குரல்தான் எனக்கு இன்னும் அழகாகப் பட்டது.

ஏழாவது பாட்டையும் விட்டுவிடாதீர்கள். 'கீப் அன் ஐ ஆன் டேன்': விவாகரத்தான ஒரு தாய், வாரக்கடைசிக்காகப் பையனை முன்னாள் கணவனிடம் விட்டுவிட்டு, அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கிளம்புகிறாள். வரிகள் எழுதியவர் பியோர்ன், பாடுகிறவர் அக்னெத்தா. ஒரு காலத்தில் கணவன் மனைவியாக இருந்தவர்கள், இரண்டு குழந்தைகளின் அப்பா அம்மா. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் பியானோவில் சில ஸ்வரங்கள் மட்டும் தனியாக வருகின்றன. பழைய ரசிகர்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும், 1975-ல் இதே அக்னெத்தா பாடிய 'எஸ்ஓஎஸ்' பாட்டிலிருந்து எடுத்த துணுக்கு அது. அதுவரைக்கும் விரலை 'நெக்ஸ்ட்' பட்டன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.