குதிரைக்கு வயிற்றுவலி: எண்ணெய் ஊற்றலாமா?

கேள்வி: ஆறு வயதுப் பெண் குதிரை. நேற்று இரவு முதல் தீவனம் தொடவில்லை. முன்காலால் தரையைப் பறிக்கிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது. லத்தியும் போடவில்லை. வாய்வழியாக எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வயிற்றுவலியில் தப்பிய குதிரை பிறகு நுரையீரல் அழற்சியில் செத்துப்போகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பை உப்பிக்கொண்டே போனால் கிழிந்துவிடும். அதனால்தான் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தேங்கியிருப்பதை முதலில் வெளியேற்றுகிறார். தேக்கம் இல்லை என்று தெரிந்த பிறகே, 450 கிலோ எடைக்கு 2 முதல் 4 லிட்டர் வரை லிக்விட் பாரஃபின் என்ற மலமிளக்கி எண்ணெய் கொடுப்பார்.

இப்போதே மருத்துவரை அழையுங்கள். அழைக்கும்போது நாடித்துடிப்பையும் சொல்லுங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள் ஓரத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஆபத்து. பல் ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். வெளிறியோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரு விலாவிலும் காதை வைத்துக் கேளுங்கள். இரைச்சல் இருப்பதைவிட ஒன்றுமே கேட்காததுதான் கவலைக்குரியது.

தீவனத்தை எடுத்துவிடுங்கள். புரண்டு அடிபடாதபடி பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடத்தலாம். புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயந்து மணிக்கணக்கில் நடத்துவது களைப்பைத்தான் கூட்டும். அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். அடக்க முடியாமல் புரளும் குதிரையின் கால் பக்கம் போகாதீர்கள்.

ஃப்ளூனிக்சின் என்ற வலிநிவாரணி ஊசி வீட்டில் மிச்சமிருந்தால் நீங்களே போடவேண்டாம். வலி மறைந்தால் நோய் எவ்வளவு முற்றியது என்று மருத்துவரால் கணிக்க முடியாது. சதையில் போட்டால் அந்த இடம் அழுகவும் கூடும். மருந்தில்லாமலே வலி சட்டென நின்று, குதிரை சோர்ந்து வியர்த்து நின்றால் மகிழ வேண்டாம். குடல் கிழிந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

லத்தி நின்றிருப்பதால் மலச்சிக்கலாக இருக்க வாய்ப்பு உண்டு. பெருங்குடல் மடங்கித் திரும்பும் குறுகிய இடத்தில் காய்ந்த நார் அடைத்துக்கொள்ளும். குறைவான தண்ணீர், தேய்ந்து கூரான பற்கள், திடீரெனக் கொடுத்த முரட்டு வைக்கோல் ஆகியவை வழக்கமான காரணங்கள். தேறியபின் பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். புதுத் தீவனத்தை 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். தானியம் போன்ற அடர்தீவனம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக்கூடாது.