குயில்ட் கட்டத்தில் பூ எழும்பி நிற்க வேண்டுமா? கேள்வி பதில்

துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் குயில்ட் கட்டங்களின் மேல் துணியிலேயே பூ, மொட்டு, மடிப்பு முக்கோணம் என்று புடைப்பாக அலங்காரம் செய்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும்.

கேள்வி: அக்கா, யோ-யோ வட்டங்கள் (வட்டத் துணியின் ஓரத்தைச் சுற்றித் தைத்து, நூலை இழுத்துச் சுருக்கும் பூக்கள்) செய்கிறேன். நூலை எவ்வளவு இழுத்தாலும் நடுவில் பெரிய ஓட்டை நிற்கிறது. தையல் நெருக்கமாகத்தான் போடுகிறேன். எங்கே பிசகுகிறது?

நெருக்கமாகப் போடுவதுதான் காரணம். மற்ற வேலைகளில் பொடித் தையல் கைத்திறமைக்கு அடையாளம். இங்கே அது எதிரி. தையல் பொடியாக இருந்தால் சின்னச் சின்னச் சுருக்கங்கள் ஏராளமாக விழும். இழுக்கும்போது அவையெல்லாம் நடுவில் வந்து குவிந்து ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும், ஓட்டை மூடாது. கால் அங்குல நீளத்தில் ஓடு தையல் போட்டுப் பாருங்கள். மடிப்புகள் குறைவாக, ஆழமாக விழுந்து நடுவாய் இறுகிவிடும்.

வட்டம் வெட்டும் கணக்கு: முடிந்த அளவைப் போல இரு மடங்கு, அதோடு அரை அங்குலம். 2 அங்குல யோ-யோ வேண்டுமென்றால் வட்டத்தின் குறுக்களவு 4½ அங்குலம். ஓரத்தைக் கால் அங்குலம் உள்பக்கமாக மடித்து, அந்த மடிப்பை ஒட்டியே ஊசியை ஓட்டுங்கள். மடிப்பிலிருந்து தள்ளிப் போட்டால் நடுவில் துணி பிதுங்கும். நூல் இரட்டையாக இருக்கட்டும். கடைசி இழுப்பில் ஒற்றை நூல் அறுந்தால் மொத்தமும் வீண்.

பிரிட்டனில் இதையே சஃபோக் பஃப் என்கிறார்கள். 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் இந்த வட்டங்களை மட்டுமே ஓரம் ஓரமாக இணைத்து, உள்ளே பஞ்சுத் தகடே இல்லாமல், முழு விரிப்புகள் செய்தார்கள். ஆகவே மீந்த வட்டங்களைத் தூக்கிப் போட வேண்டாம்.

கேள்வி: பூக்களை எப்போது பொருத்துவது? மேல்துணி, பஞ்சுத் தகடு, பின்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துக் குயில்ட் தையல் போடுவதற்கு முன்பா, பிறகா?

வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது. ஒழுங்காகச் செய்த பூவும் தவறான நேரத்தில் தைத்தால் நசுங்கிப் போகும்.

தையல் வரிக்குள் சிக்கி நிற்பவை எல்லாம் முன்பே போக வேண்டும்: மடிப்பு முக்கோணங்கள், இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைக்கும் வளைநாடா (அலையலையாக நெளிந்த நாடா), வாய் திறந்த மடிப்புகள். மேலே உட்காருபவை எல்லாம் பிறகு: யோ-யோ, சுருக்குப் பூ, பஞ்சடைத்த பழங்கள். முன்பே தைத்துவிட்டால் தையல் இயந்திரத்தின் பாதம் பூவைச் சுற்றிப் போக இடமிருக்காது.

இன்னொன்று. பூ வரப்போகிறதே என்று அந்த இடத்தைத் தைக்காமல் வெறுமையாக விடாதீர்கள். தைக்காத இடம் பெரிதாக இருந்தால் துவைக்கத் துவைக்க உள்ளே பஞ்சுத் தகடு நகர்ந்து கட்டி தட்டும். பூவின் அடியிலும் தையலை ஓட்டுங்கள், எப்படியும் மறைந்துவிடும். சிறு பூ என்றால் மேல்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடித்துத் தைக்கலாம், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். கனமான பூவுக்கு மூன்று அடுக்கையும் பிடியுங்கள். பின்னால் நான்கு புள்ளித் தையல் தெரிந்தால் தெரியட்டும். மேல்துணி மட்டும் கனத்தைச் சுமந்தால் நாளடைவில் அந்த இடம் தொய்ந்துவிடும்.

கேள்வி: நீள நாடாவைச் சுருக்கிச் செய்யும் ரோஜா எனக்கு வரவே இல்லை. இதழ்கள் பிரியாமல் வெறும் கொசுவம் போலச் சுருங்குகிறது.

1840களிலும் 50களிலும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஆல்பம் குயில்ட்களில் (கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு படம் வைத்துத் தைத்தவை) இப்படிச் சுருக்கிய ரோஜாக்களைக் காணலாம். பார்க்கக் கடினமாகத் தோன்றும்; ஒரே ஓர் இடத்தில் கவனம் வைத்தால் போதும்.

நாடாவின் இரண்டு நீள ஓரங்களையும் பின்பக்கம் நடுவில் சந்திக்கும்படி மடித்துக்கொள்ளுங்கள். மேல் ஓரத்தில் அங்குலத்துக்கு ஒரு புள்ளி. கீழ் ஓரத்திலும் அப்படியே, ஆனால் மேல் புள்ளிகளுக்கு நடுவில் விழும்படி அரை அங்குலம் தள்ளி. மேல் புள்ளியிலிருந்து கீழ்ப் புள்ளிக்கு, அங்கிருந்து அடுத்த மேல் புள்ளிக்கு என்று சாய்வாக மாறி மாறி ஓடு தையல் போகிறது. ஓரத்துக்கு வந்து திரும்பும்போதுதான் சூட்சுமம்: நூல் மடிப்பு ஓரத்தின் மேலாகச் சுற்றி மறுபக்கம் இறங்க வேண்டும். ஊசி மேலே வந்து ஓரத்தில் முடிந்தால், அடியிலிருந்து மறுபடி குத்தி மேலே எடுங்கள்; நூல் ஓரத்தை அணைத்துக்கொண்டு நிற்கும். இழுக்கும்போது அந்த நூல்தான் ஓரத்தை உள்ளே கவ்வி இழுத்து, இரு கவ்வலுக்கு இடையில் இருக்கும் துணியை இதழாகத் துருத்தச் செய்கிறது. ஓரத்துக்குச் சற்று முன்பே திரும்பிவிட்டால் கவ்வல் கிடையாது. நீங்கள் சொல்லும் கொசுவம்தான் கிடைக்கும்.

நாடா முழுதும் தைத்துவிட்டு ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். நான்கைந்து அங்குலம் போனதும் ஒருமுறை இழுத்து ஒழுங்குபடுத்துங்கள். முதல் ஐந்தாறு இதழ்களைத் தனியே சேர்த்து இறுக்கினால் அது பூவின் நடு. மீதியை அதன் அடியில் சுற்றிக்கொண்டே வந்து தைக்க வேண்டும்.

கேள்வி: மடிப்பு முக்கோணத்துக்குச் சதுரம் எவ்வளவு வெட்ட வேண்டும்?

4 அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு முறை மடித்தால் அடிப்பாகம் 4 அங்குலம், உயரம் 2 அங்குலம். தையலுக்குக் கால் அங்குலம் போக, வெளியே தெரிவது 1¾. ஒன்றின் வாய்க்குள் அடுத்ததைச் செருகி வரிசைப்படுத்தினால், செருகும் ஆழத்தைக் கூட்டிக் குறைத்து எந்த நீளத்துக்கும் பொருத்திவிடலாம்.

கேள்வி: குழந்தைக்கான குயில்ட்டில் பூவும் பொத்தானும் வைக்கலாமா?

கூடாது. எவ்வளவு இறுக்கமாகத் தைத்தாலும் பொத்தானும் மணியும் ஒருநாள் கழன்று வரும். நேரே வாய்க்குத்தான் போகும். விரல் மாட்டும் வளையங்களும் வேண்டாம். இரண்டு ஓரமும் தையலுக்குள் சிக்கிய தட்டையான மடிப்புகள் போதும்.

கேள்வி: எந்தத் துணியில் செய்தால் எடுப்பாக இருக்கும்?

நெருக்கமாக நெய்த, மெல்லிய பருத்தி. புடைப்பு வேலையின் அழகு அதன் நிழலில் இருக்கிறது. பெரிய பூப்போட்ட துணியில் அந்த நிழல் காணாமல் போய்விடும். எத்தனை நுணுக்கமாக மடித்தாலும் அச்சுப் பூதான் கண்ணில் படும். ஒற்றை நிறமோ பொடி அச்சோ எடுங்கள். வளைந்து கொடுக்க வேண்டிய இதழுக்கு 45 பாகைச் சாய்வில், கிராஸாக வெட்டினால் பிசிரும் குறையும். வெல்வெட் அழகுதான், ஆனால் மடிப்பில் தடித்துப்போகும். பெரிய இதழுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலே எதையும் தைக்காமல் கட்டத்திலேயே புடைப்பு வருமா?

வரும். டிரபுன்டோ என்று பெயர். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்த, டிரிஸ்டன் என்ற வீரனின் கதையைக் காட்டும் டிரிஸ்டன் குயில்ட்டில் உருவங்கள் எல்லாம் இப்படித்தான் எழும்பி நிற்கின்றன. அதன் ஒரு பகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல்துணிக்கு அடியில் இலேசாக நெய்த துணி வைத்து, உருவத்தின் வெளிக்கோட்டைத் தைத்து, அந்த அடித்துணியில் மட்டும் சிறு கீறல் போட்டு, பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி அடையுங்கள். பிறகு கீறலைத் தைத்து மூடுங்கள். ஆசைப்பட்டு அதிகம் அடைத்தால் கட்டம் சுருங்கி, தரையில் படியாது. எப்படியும் சிறிது சுருங்கும் என்பதால் துணியை எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி வைத்து, வேலை முடிந்தபின் அளவுக்கு நறுக்குங்கள்.

கேள்வி: இஸ்திரி போட்டால் எல்லாம் தட்டையாகிவிடுகிறதே?

தடித்த துவாலையின் மேல் கட்டத்தைக் குப்புறப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். பூ துவாலைக்குள் அமிழ்ந்துகொள்ளும். ஏற்கெனவே நசுங்கியிருந்தால் ஆவியைச் சற்று உயரத்திலிருந்து காட்டி, விரலால் இதழைத் தூக்கிவிட்டு, ஆறும்வரை தொடாமல் விடுங்கள்.