ஆயா வீட்டுச் செம்மண்

கேள்வி: காரைக்குடி அருகே விற்கப்பட்டுவிட்ட எங்கள் ஆயா (பாட்டி) வீட்டின் நினைவை, அவ்வூரில் கிடைக்கும் இயற்கைப் பொருள்களைக் கொண்டே கலைப்படைப்பாக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: மண்ணிலிருந்து தொடங்குங்கள். செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு என்பதால், அம்மண்ணை நீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் மேலே கலங்கி நிற்கும் நீரை வேறு பாத்திரத்தில் இறுத்து, அது தெளிந்ததும் படியும் வண்டலை வேப்பம்பிசினோடு குழைத்தால், எளிதில் வெளிறாத வண்ணம் கிடைக்கும். அந்த வண்ணம் வீட்டைப் பற்றியதன்று, வீடு நின்ற நிலமேதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொட்டான் என்னும் கூடை முடையும் பனையோலையையும் சேர்க்கலாம்; உலர்த்தாமல் பின்னினால் ஓலை சுருங்கிப் பின்னல் தளர்ந்துவிடும்.

1967இல் ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங் இங்கிலாந்தின் புல்வெளியொன்றில் முன்னும் பின்னும் நடந்து உண்டான தடத்தைப் புகைப்படமெடுத்து, அதையே படைப்பாக்கினார். நீங்களும் ஆயா தண்ணீர் எடுக்க ஊருணிக்குச் சென்ற வழியில் நடந்து, உதிர்ந்து கிடப்பவற்றை மட்டும் பொறுக்குங்கள்; உயிருள்ள கிளையை ஒடிக்க வேண்டாம்.