ஜெயித்த கார்கள் மட்டும் போதுமா?

வணக்கம் சார். செம்பூரில் இருக்கிறேன். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஓடிய பழைய கார்களின் 1:43 மாடல்களை (அசலில் 43இல் ஒரு பங்கு அளவு) சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். 1923 முதல் ஆண்டுக்கு ஒன்றாக, ஜெயித்த காரை மட்டும் வாங்குவது திட்டம். வீட்டில் "பொம்மைக்கு இவ்வளவு காசா?" என்கிறார்கள். என் திட்டம் சரிதானா? மும்பை மழையில் இவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ்.,

அளவு சரி. 1:18 என்றால் ஒவ்வொரு காரும் முக்கால் அடி வரும், நம்ம ஃபிளாட்டில் எங்கே வைப்பது? திட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஜெயித்தவற்றை மட்டும் அடுக்கினால் அந்தப் பந்தயத்தின் பாதிக் கதை அலமாரிக்கு வெளியே நின்றுவிடும்.

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரிசையில் அந்த ஆண்டுக்குப் போர்ஷே 919 வரும். ஆனால் கடைசிச் சில நிமிடங்கள் வரை முன்னால் ஓடியது டொயோட்டாவின் 5ஆம் எண் கார். கசுகி நகஜிமா ஓட்டிக்கொண்டிருந்தபோது அது வேகம் இழந்து, பந்தயம் முடிகிற கோட்டருகே நின்றே போனது. எப்படியோ நகர்த்திக் கடைசிச் சுற்றை முடித்தார்கள். அந்தச் சுற்றுக்கு அன்றைய விதிப்படி ஆறு நிமிடம்தான், அதைத் தாண்டிவிட்டதால் முடிவுப் பட்டியலில் அந்தக் காருக்கு இடமே இல்லை. டொயோட்டா முதல்முறையாக ஜெயித்தது 2018இல். 5ஆம் எண்ணைப் பக்கத்தில் வைக்காமல் 2018 காரை மட்டும் வைத்தால், அந்த வெற்றிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், நம்மவர்கள். 2009இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஆடி நிறுவனத்தின் ஆர்10 காரை ஓட்டப் போயிருந்தார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் தோள்பட்டை விலகி, ஓட்ட முடியாமல் போனது. அவரோடு மாறி மாறி ஓட்ட வேண்டிய மற்ற இரண்டு பேரே முழுப் பந்தயத்தையும் ஓட்டி அந்தக் காரை ஏழாவதாகக் கொண்டுவந்தார்கள். 2012இல் சென்னையின் கருண் சந்தோக் ஓட்டிய, ஹோண்டாவின் எச்பிடி கார் ஆறாவதாக வந்தது. ஜெயித்தவர்கள் வரிசையில் இந்த இரண்டும் ஒருநாளும் வராது. தமிழ் பேசுகிற ஒருவர் வீட்டு அலமாரியில் இவை இல்லாமல் இருப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

வீட்டில் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். 1968இலும் 1969இலும் ஜெயித்த ஃபோர்டு ஜிடி40 மாடல்கள் இரண்டையும் வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள். இரண்டும் வெளிர்நீலம், நடுவே ஆரஞ்சுப் பட்டை. ஒன்றில் எண் 9, இன்னொன்றில் 6. அசலில் இரண்டும் ஒரே வண்டிதான், சேஸிஸ் (அடிச்சட்டம்) எண் 1075. அந்தக் காலத்தில் கொடி அசைந்ததும் ஓட்டுநர்கள் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, காரில் தாவி ஏறிக் கிளம்புவார்கள். சீட் பெல்ட் போட நேரம் இருக்காது. 1969இல் 6ஆம் எண் காரின் ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் அதை எதிர்த்து நிதானமாக நடந்து போனார், பெல்ட்டை மாட்டினார், எல்லாருக்கும் கடைசியாகக் கிளம்பினார். அன்று முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்தார். மறுநாள் இக்ஸின் கார் ஹான்ஸ் ஹெர்மானின் போர்ஷே 908ஐ ஏறக்குறைய 120 மீட்டரில் முந்தி ஜெயித்தது. அடுத்த ஆண்டு அந்த ஓட்டத் தொடக்கம் நின்றது. இதைச் சொல்லிவிட்டு 6ஆம் எண்ணைக் காட்டுங்கள். பொம்மை என்ற பேச்சு வராது என்று நம்புகிறேன்.

இனி மழை. ஓதம் ஏறும் சுவரில் அலமாரியை மாட்டாதீர்கள். கண்ணாடிக் கதவு இறுக மூடட்டும், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். வெயில் நேராக விழுந்தால் ஸ்டிக்கர் மங்கும், ரெசின் (பிளாஸ்டிக் போன்ற பிசின்) உடல் வளையவும் கூடும். அட்டைப்பெட்டியில் அடைத்துப் பரணில் போடுவதுதான் ரொம்பக் கெடுதல். பழைய டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) மாடல் வாங்கும்போது அடிப்பாகத்தை நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் இருந்தால் உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியும், ஈரம் அதை வேகப்படுத்தும், சரிசெய்ய வழியில்லை. மயிரிழை விரிசல் தெரிந்தாலும், எவ்வளவு அரிய கார் என்றாலும், விட்டுவிடுங்கள்.