சலீம் அலி பழந்தின்னி வௌவால்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மாட்டுங்கா வாசகர்): மேகமலை வௌவாலுக்கு மும்பைக்காரரான பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் வந்தது எப்படி?

பதில்: அந்தக் கதையின் பெரும்பகுதி நம் மும்பையில்தான் நடந்தது. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர், அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த மேகமலையில் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில், எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்ற சீட்டுடன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்தபோது, வால் இல்லாததையும், ஒவ்வொரு தாடையிலும் முன்பற்கள் ஒரு சோடி மட்டுமே இருப்பதையும் கண்டு, 1972இல் அதற்கென்றே ஒரு பேரினத்தை (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை) உருவாக்கி, லாட்டிடென்ஸ் சலீமலீ என்று சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அந்தப் பேரினத்தில் இன்றுவரை வேறு இனம் இல்லை. பழைய சேகரிப்புகளைப் பேணுவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி (போரிவிலி மாணவி): எங்கள் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் இது இருக்குமா?

பதில்: இருக்காது. மேகமலை, பெரியாறு, களக்காடு முண்டந்துறை என மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழகத்திலும் கேரளத்திலும் மட்டுமே இது வாழ்கிறது. உண்பதற்கு அத்தி போன்ற காட்டுப் பழங்களும், பகலில் தங்குவதற்குக் குகைகளும் அருகருகே அமைந்த மலைக்காடுகள் இதற்கு வேண்டும். மும்பையில் இரவில் வாதுமை மரத்துக்கு வருவது பெரும்பாலும் குறுமூக்கு வௌவால். அதற்குக் குட்டையான வால் உண்டு, காதோரம் வெளுத்திருக்கும்.

கேள்வி (செம்பூர் வாசகர்): இரத்தம் குடிக்குமா?

பதில்: குடிக்காது. பழமே இதன் உணவு.

கேள்வி (தாராவி வாசகர், சொந்த ஊர் கம்பம்): ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்களே?

பதில்: ஐயா, அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. இவ்வளவு குறுகிய நிலப்பரப்பில் வாழும் ஓர் இனத்தை, காடழிப்போடு இந்த வேட்டையும் சேர்ந்து வாட்டுகிறது. இது காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால், வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பகலில் குகைக்குள் தீப்பந்தம் கொண்டு போக வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.